பழைய காரின் ஏசியைத் திருத்துவதா, கழற்றுவதா?

முல்லைத்தீவில் இருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. தகப்பனார் விட்டுச்சென்ற, 1991ஆம் ஆண்டில் தயாரான நிசான் சனி உங்களிடம் இருக்கிறது. மூன்று வருடங்களுக்குள் இரண்டு தடவை காஸ் நிரப்பியும், ஏசி இப்போது வெறுங்காற்றையே ஊதுகிறது. ஒரு கராஜில், காஸை அமுக்கித் தள்ளும் கொம்பிரசர் முடிந்துவிட்டது என்றார்கள். இன்னொரு கராஜில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தால் எஞ்சின் சுகமாக ஓடும், பெற்றோலும் மிஞ்சும் என்றார்கள். மாதம் ஒரு தடவை தாயாரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதால், எந்தப் பேச்சைக் கேட்பது என்று குழம்பியிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் கேட்காதீர்கள். நிரப்பிய காஸ் எங்கே போகிறது என்பதை ஒரு தடவை காசு கொடுத்து ஒழுங்காகக் கண்டுபிடியுங்கள். கசிவு பொனற்றுக்குக் கீழே எங்காவது இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். டாஷ்போட்டுக்குள் இருந்து காற்றைக் குளிராக்கும் கூலிங் கொயிலும் ஓட்டையாகி, கொம்பிரசரும் உள்ளுக்குள் தேய்ந்து உலோகத் தூளைக் கக்கியிருந்தால் மட்டும் ஏசியைக் கைவிடலாம். கைவிடுவதென்றாலும் அதன் பெல்ற்றை எடுத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவைப்பதுதான் என் அபிப்பிராயம்.

கழற்றச் சொன்னவருடைய வாதத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அது மிகவும் பரவலானது. யுத்தத்தின் எரிபொருள் தடைக்காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, எஞ்சினில் தொங்கும் எந்த மேலதிகப் பொருளும் பாரமாகவே தோன்றும். ஆனால் கொம்பிரசரின் முகப்பில் மின்காந்தக் கிளச் ஒன்று இருக்கிறது. ஏசி சுவிச் அணைந்திருக்கும்போது வெளியே இருக்கும் கப்பி மாத்திரம் ஒரு பெயாரிங்கில் சும்மா சுழல்கிறது. உள்ளே இருக்கும் பிஸ்டன்கள் அசைவதில்லை. ஆகவே போடாத ஏசி பெற்றோல் குடிப்பதில்லை. நிறையும் பெரிதல்ல. கொம்பிரசர், காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சர், குழாய்கள், கூலிங் கொயில் எல்லாம் சேர்ந்தாலும் இந்த அளவுக் காரில் அரை மூடை சீமெந்தின் பாரம் வரை வந்தால் அதிகம். பின் ஆசனத்தில் ஒரு பிள்ளை கூட ஏறினால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

அந்த வாதத்தில் உண்மை இருக்கும் இடம் ஒன்றுதான். ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சர் காற்றை ஓரளவு மறிக்கிறது. ஏசி ஓடும்போது தன் சூட்டையும் ரேடியேற்றர் மீது தள்ளுகிறது. உங்கள் காரின் வெப்பமானி ஏசி இல்லாமலே நடுக்கோட்டைத் தாண்டுகிறதென்றால் முதலில் ரேடியேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் பாருங்கள். அந்த நோயை வைத்துக்கொண்டு ஏசிக்குச் செலவழிப்பது கூரை ஒழுகும்போது சுவருக்கு நிறம் பூசுவது போன்றது.

இனி காஸ் விடயம். ஏசி என்பது மூடிய வட்டம். அதற்குள் இருக்கும் காஸ் எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. பல வருடங்களில் ரப்பர்க் குழாய்களின் ஊடாகக் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ வாசல் திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த வாசலைத் தேடாமல் நிரப்பிவிட்டவர் உங்களுக்கு விற்றது சில மாதக் குளிரை மட்டுமே.

தேடுவதற்கு வன்னியில் இயற்கையே உதவி செய்கிறது. காஸ் கசியும் இடத்தில் கொம்பிரசர் ஒயிலும் சேர்ந்து கசியும். எங்கள் கிறவல் வீதிகளின் சிவப்புப் புழுதி அந்த ஒயிலில் ஒட்டி, நனைந்த செங்கல் மாவு போலத் திரண்டு நிற்கும். காலை வெளிச்சத்தில் பொனற்றைத் திறந்து, குழாய்கள் மூட்டுகிற ஒவ்வொரு நட்டையும், கொண்டென்சரின் கீழ்ப்பாதியையும், கொம்பிரசரின் முகப்பையும் ரோச் அடித்துப் பாருங்கள். எல்லா இடமும் உலர்ந்த புழுதியாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் அது கறுத்துக் களிம்பாகப் படிந்திருந்தால் அங்கே விரலை வைத்துப் பாருங்கள்; வழுக்கினால் அதுதான் இடம். கொம்பிரசரின் தண்டுச் சீல் கசிந்தால் கிளச் சுழலும் நேர்கோட்டில், பொனற்றின் உட்புறத்தில் ஒயில் தெறித்த ஒரு கோடு தெரியும். நீண்ட காலம் ஏசி போடாமல் இருந்தால் அந்தச் சீல் காய்ந்துவிடுகிறது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில் பலர் மாதக்கணக்கில் ஏசிப் பொத்தானைத் தொடவேயில்லை. அடுத்த வருடம் அவர்களில் சிலரது கார்களில் நான் பார்த்த கசிவு இதுதான். வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஏசியை ஓட விட்டாலே சீலுக்கு ஒயில் கிடைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் அழுத்தம் காட்டும் கேஜ் பூட்டிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு மயக்கம் உண்டு. எஞ்சின் நிற்கும்போது, 30 பாகை வெப்பத்தில், உள்ளே கொஞ்சம் திரவக் காஸ் இருந்தாலே கேஜ் 90 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டும். "காஸ் நிறைய இருக்கிறது" என்று அதை வைத்துச் சொல்பவரை நம்பாதீர்கள். சமையல் காஸ் சிலிண்டர் பாதி காலியானாலும் அழுத்தம் மாறாமல் இருப்பதைப் போன்றதுதான் இதுவும். எஞ்சினை ஓட விட்டு, ஏசியைப் போட்டுப் பார்க்கும்போதுதான் கதை வெளிவரும். வெயிலில், கொம்பிரசருக்குக் காஸ் திரும்பும் தாழ்பக்கம் 30 முதல் 45 வரையும், அது அமுக்கி வெளியேற்றும் உயர்பக்கம் 200 முதல் 250 வரையும் நின்றால் பெரும்பாலும் நலம். இரண்டும் குறைந்தால் காஸ் போதாது. தாழ்பக்கம் ஏறி, உயர்பக்கம் இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கொம்பிரசரின் வால்வோ பிஸ்டனோ களைத்துவிட்டது. தாழ்பக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனால், கூலிங் கொயிலுக்குள் காஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. உயர்பக்கம் 300ஐத் தாண்டினால் கொண்டென்சரில் புழுதி, விசிறியில் சோர்வு அல்லது அளவுக்கு மிஞ்சிய காஸ்.

உள்ளே காஸே இல்லையென்றால் நைதரசன் நிரப்பி, சவர்க்கார நுரை பூசி, சில மணித்தியாலம் கேஜை அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் இந்தப் பரிசோதனையைச் செய்ய விடாதீர்கள். அந்தக் காற்றோடு போகும் ஈரம் உள்ளே இருக்கும் ஒயிலையும் உலோகத்தையும் அரிக்கும்.

கராஜ்காரர் "கொம்பிரசர் முடிந்தது" என்பதற்கு என்ன ஆதாரம் காட்டினார் என்று நீங்கள் எழுதவில்லை. கிளச் இழுக்கவில்லை என்பது மட்டும் ஆதாரமாகாது. காஸ் குறைந்தால் ஒரு பாதுகாப்புச் சுவிச் கிளச்சுக்கு மின்சாரம் போகாமல் தடுக்கிறது. அது கொம்பிரசரைக் காப்பாற்றவே வைக்கப்பட்டது. அந்தச் சுவிச்சின் இரண்டு முனைகளையும் வயர்த் துண்டால் இணைத்து, காஸும் ஒயிலும் இல்லாமல் கொம்பிரசரை ஓட விட்டு, அதன் பிறகு அது போய்விட்டது என்று அறிக்கை தருபவர்களையும் கண்டிருக்கிறேன். இன்னொரு குணம், பரந்தன் வரை குளிர்ந்து வந்து, பிறகு சூடேறியதும் கிளச் விட்டுவிடுவது. கிளச் தட்டுக்கும் கப்பிக்கும் நடுவே இருக்க வேண்டிய அரை மில்லிமீற்றர் அளவான இடைவெளி, தேய்ந்து தேய்ந்து அகலமாகியிருக்கும். நடுவில் இருக்கும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தாலே சரியாகிவிடும் வேலை அது. அதற்காகக் கொம்பிரசர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் முடிந்துவிட்டதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. காஸை இறக்கிய பிறகு கொம்பிரசரின் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒயிலில் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு, வெயிலில் சரித்துப் பாருங்கள். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ பரவினால் நல்லது. கறுத்து, மீன் செதிள் போன்ற மினுக்கம் அதில் தெரிந்தால் உலோகத் தூள் வட்டம் முழுவதும் போய்விட்டது. அப்போது கொம்பிரசரை மட்டும் மாற்றினால் பழைய தூள் புதியதையும் தின்றுவிடும்; கொண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட வேண்டும். திருத்துவதா, கைவிடுவதா என்பது பல வேளைகளில் இந்தச் சொட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

உங்கள் காரின் வயது இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. 1991இல் வந்த கார்கள் பெரும்பாலும் ஆர்-12 என்னும் பழைய காஸுக்காகச் செய்யப்பட்டவை. ஓசோன் படையைக் காக்க 1987இல் கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கையின் விளைவாக, தொண்ணூறுகளின் முதற்பாதியில் கார் நிறுவனங்கள் ஆர்-134ஏக்கு மாறின. வளர்முக நாடுகளுக்கும் 2010 உடன் ஆர்-12 முடிவுக்கு வந்தது. காஸ் ஏற்றும் வாய் புரியுள்ளதாக, நட்டுப் போலத் திருகிப் பூட்டுவதாக இருந்தால் ஆர்-12. அமுக்கிக் கொளுவும் வழுவழுப்பான வாயாக இருந்தால் ஆர்-134ஏ. புரியின் மேலே மாற்று வாய் ஒன்று பூட்டியிருந்தால் யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்கள்.

இது சிறிய விபரம் போலத் தோன்றினாலும் உங்கள் கொம்பிரசரின் ஆயுள் இதில்தான் தங்கியிருக்கிறது. ஆர்-12 காருக்குள் இருப்பது கனிய ஒயில். அது ஆர்-134ஏயோடு கலப்பதில்லை. ஒயிலை மாற்றாமல் புதிய காஸை மட்டும் நிரப்பினால், ஒயில் கூலிங் கொயிலின் அடியில் போய்த் தேங்கிவிட, கொம்பிரசர் வறட்சியில் ஓடும். உங்கள் காருக்கு இரண்டு தடவை காஸ் நிரப்பியவர்கள் ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினார்களா என்று யோசித்துப் பாருங்கள். முறையாக மாற்றுவதென்றால் பழைய ஒயிலை வடித்துக் கழுவி, எஸ்டர் ஒயில் விட்டு, ட்ரையரையும் மூட்டுகளின் ரப்பர் வளையங்களையும் புதிதாக்கி, வக்கியூம் பம்ப்பை குறைந்தது அரை மணித்தியாலம் ஓட விட்டு, பழைய காஸ் அளவில் 80 முதல் 90 வீதத்தைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். இந்த அளவுக் காருக்கு மொத்தமே 500 முதல் 800 கிராம் வரைதான். கேஜைப் பார்த்துக் கண்மட்டத்தில் நிரப்புபவரிடம் தராசு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாற்றிய ஏசி வாகனம் நிற்கும்போது கொஞ்சம் சோர்வாகவே இருக்கும். வீதியை மாட்டுப்பட்டி கடக்கும் வரை காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் அதை உணர்வீர்கள். கொண்டென்சருக்கு முன்னால் இன்னொரு மின்விசிறி பூட்டினால் பெருமளவு குணமாகும்.

மலிவாக இருக்கிறதென்று சமையல் காஸையோ எரியக்கூடிய வேறு காஸையோ ஏற்ற விடாதீர்கள். கூலிங் கொயில் இருப்பது உங்கள் தாயாரின் முழங்காலுக்கு நேரே.

கூலிங் கொயிலைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பொருளின் விலையை விட டாஷ்போட்டைப் பிரித்துப் பூட்டும் கூலி அதிகமாக வரலாம். முப்பது வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் பூட்டுகள் கழற்றும்போதே உடையும். அதன் பின் ஒவ்வொரு குழியிலும் டாஷ்போட் கதை சொல்லிக்கொண்டே வரும். இருந்தாலும் கொயில் ஓட்டை என்று முடிவு கட்டுவதற்கு முன் அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் உட்காற்று வடிகட்டி கிடையாது. வேம்பின் கீழே நிறுத்திய காரில் சருகும், கச்சான் காற்றில் ஏறிய புழுதியும், சில வேளை எலிக்கூடும் சேர்ந்து கொயிலின் முகத்தைக் கம்பளி போல மூடியிருக்கும். புளோவர் விசிறியைக் கழற்றிய துவாரத்தால் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்தால் தெரிந்துவிடும். புளோவர் முழு வேகத்தில் இரைந்தும் முகத்துக்குக் காற்று வராத கார்களில் பாதி வேலை சுத்தம் செய்வதோடு முடிகிறது.

இவ்வளவு பாடுபட ஏசி அவ்வளவு அவசியமா என்று நீங்கள் கேட்கலாம். தனியாகச் சந்தைக்குப் போய்வரும் இளைஞருக்கு அவசியமில்லை என்றே சொல்வேன். புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரு நோயாளியை ஏற்றிச்சென்று, மத்தியானம் திரும்புபவருக்குக் கணக்கு வேறு. வைகாசி, ஆனியில் உப்பளத்தைத் தாண்டும்போது திறந்த கண்ணாடியால் வருவது காற்றல்ல, அடுப்பு வாசல் வெக்கை. கண்ணாடியை மூடினால் புழுக்கம், திறந்தால் புழுதி. ஏசியால் பெற்றோல் செலவு ஏறக்குறைய பத்து வீதம் கூடலாம். மாதத்தில் ஒரு நாள் பயணத்துக்கு அது பெரிய தொகையாக வராது.

மாரி காலத்தில் வேறொரு பயன் உண்டு, அதை நான் இழந்த பிறகே கற்றேன். 2011இல் என்னிடம் ஒரு பழைய லான்சர் இருந்தது. கொயில் கசிகிறது என்றதும் பொறுமையிழந்து, எல்லாவற்றையும் கழற்றிவிடுமாறு ஒரு கராஜில் சொன்னேன். அலுமினியக் குழாய்களை அவர்கள் வாளால் அறுத்து எடுத்தார்கள். புளோவருக்கும் ஹீற்றர்ப் பெட்டிக்கும் நடுவில் இருந்த கொயில் பெட்டியையும் தூக்கிவிட்டார்கள். ஏசி இல்லாமல் வந்த கார்களில் அந்த இடைவெளிக்குப் பிளாஸ்ரிக் குழல் ஒன்று இருக்கும். எனக்கு அது போடப்படவில்லை. புளோவர்க் காற்று முழுவதும் கால்மாட்டில் கொட்டியது. கார்த்திகை மாதத்து இரவில் மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கமாக, யானை நடமாடும் வீதியில், முன்கண்ணாடி உட்புறம் வெள்ளையாகப் படிந்துபோக, ஒரு கையில் சாரத் துண்டால் துடைத்தபடி மறு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்து ஓட்டினேன். ஏசி காற்றை உலர்த்துவதால்தான் கண்ணாடி தெளிகிறது என்பது அன்றுதான் உறைத்தது. குழாய் போன ஓட்டைகளையும் அவர்கள் அடைக்கவில்லை. அதனால் எஞ்சின் புகை உள்ளே வந்தது. நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு அதே வழியால் வரலாம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. இரண்டு வருடம் கழித்து மீண்டும் ஏசி போட நினைத்தபோது, அறுத்த குழாய்களுக்குச் சோடி எங்கும் கிடைக்கவில்லை.

விற்பனையையும் நினையுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட அந்த ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். பழுதான ஏசி உள்ள காரை வாங்குபவர் திருத்தும் செலவைக் குறைத்துக் கேட்பார். ஏசியே இல்லாத காரை வேறு வகைக் காராகவே மதிப்பார்.

பாவித்த கொம்பிரசர் தேடுவதென்றால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கேட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி அனுப்பலாம். வாய்கள் மூடியிட்டு அடைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கிளச்சின் நடுத்தட்டைக் கையால் சுற்றினால் சீரான இறுக்கத்தோடு சுழல வேண்டும். அதே கடதாசிச் சொட்டுப் பரிசோதனையை அங்கேயே செய்யுங்கள். பழையதன் அதே மாதிரியாக இல்லாமல், தாங்கியை வெட்டி ஒட்டச் சொல்லும் கொம்பிரசரை வாங்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் கொயில், கொம்பிரசர் இரண்டும் போய்விட்டன என்று தெரியவந்தால், உள்ளே மிஞ்சியிருக்கும் காஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ள இடத்தில் இறக்குங்கள். ஆர்-134ஏ 600 கிராமை வெளியே விடுவது, சூழல் சூடாதலின் கணக்கில், 350 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோலை எரிப்பதற்குச் சமம்; ஆர்-12 அதைவிடப் பல மடங்கு கொடியது, ஓசோனுக்கும் கேடு. பிறகு கொம்பிரசர் பெல்ற்றைக் கழற்றுங்கள். அது கொம்பிரசரை மட்டும் சுழற்றும் தனிப் பெல்ற்றாக இருந்தால் வேலை ஐந்து நிமிடம். தண்ணீர்ப் பம்பையோ அல்ரனேற்றரையோ சேர்த்துச் சுழற்றுவதாக இருந்தால் அதைத் தொடாமல், கிளச்சின் வயரை மட்டும் கழற்றி, கப்பியின் பெயாரிங் சத்தம் போடுகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்; அந்தப் பெயாரிங்கைத் தனியாக மாற்றலாம். திறந்த குழாய் வாய் எதையும் மூடியில்லாமல் விடாதீர்கள். ரேடியேற்றருக்குக் காற்றுப் போதவில்லை என்றால் கொண்டென்சரை மட்டும், அறுக்காமல், நட்டைக் கழற்றி எடுத்து வீட்டில் வைக்கலாம். கழற்றிய பெல்ற்றின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, பெல்ற்றோடு சேர்த்துச் சுற்றி டிக்கிக்குள் போட்டுவிடுங்கள்.